காந்தி அணுகுண்டு வீசிய கதை உண்மையில்லையாம்: கையால் சோதித்துப் பார்க்கக்கூடிய கேம் விந்தைகளைச் சொல்லுங்கள்

நீலநோட்டு எழுதியது:

வணக்கம். ஆறு வருடங்களாக ஒரு நீல அட்டை நோட்டில், இணையத்தில் கண்டெடுக்கும் விந்தைகளை எழுதி வைத்து வருகிறேன். பழைய வீடியோ கேம்களுக்குள் ஒளித்து வைக்கப்பட்ட ரகசியங்கள், கணினிகள் செய்த விநோதத் தவறுகள், புரோகிராமர்களின் குறும்புகள் என்று இதுவரை 143 சேர்ந்திருக்கின்றன. இரவு விளக்கை அணைக்கும் முன் அதிலிருந்து ஒன்றை என் மகளுக்குப் படித்துக் காட்டுவேன். அவளுக்குப் பதினொரு வயது.

சென்ற வாரம் 58-ஆம் எண்ணைப் படித்தேன். உங்களில் பலருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். 1991-இல் வந்த சிவிலைசேஷன் விளையாட்டில் இந்தியாவின் தலைவர் காந்தி. அவருடைய மூர்க்கத்துக்குக் கொடுத்திருந்த மதிப்பு 1. ஒரு நாடு ஜனநாயகத்துக்கு மாறினால் அதன் தலைவருக்கு அந்த மதிப்பில் 2 குறையும். ஒன்றிலிருந்து இரண்டு போனால் மைனஸ் ஒன்று. ஆனால் ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரைதான் அடங்கும் என்பதால், எண் பின்பக்கமாகச் சுற்றி 255-இல் போய் நின்றது. அத்தனை சாந்தமான மனிதர் ஒரே நொடியில் உலகின் மிக மூர்க்கமான தலைவராகி, எல்லோர் மீதும் அணுகுண்டு வீசத் தொடங்கினார். இதுதான் கதை.

மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, "இதை யார் பார்த்தார்கள் அம்மா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் தேடினேன். அந்த விளையாட்டை உருவாக்கிய சிட் மெயர், 2020-இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில், அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அதன் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், காந்தியின் அணு ஆயுத விருப்பத்தை வேண்டுமென்றே 12 என்று வைத்தார். அளவுகோல் பத்தோடு முடிகிறது. ஆக, காந்தி அணுகுண்டு வீசுவது உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பொய்.

இதை அவளிடம் சொன்னேன். சிவப்புப் பென்சிலால் 58-ஐ அடித்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்திகள் வரைந்தாள். ஒன்றின் தலைப்பு "கேட்டது". இன்னொன்றின் தலைப்பு "பார்த்தது". மீதி 142 எண்களையும் கேட்டது பத்தியில் பொறுமையாக எழுதி முடித்தாள். பார்த்தது பத்தி வெறுமையாக இருக்கிறது.

அதை நிரப்ப விரும்புகிறேன். வீட்டில் ஒரு கணினி, ஒரு கைபேசி, காகிதம், பென்சில் இருந்தால் நாங்களே சோதித்துப் பார்க்கக்கூடிய கேம் மற்றும் கணினி விந்தைகள் உங்களுக்குத் தெரியுமா? நேரில் சோதிக்க முடியாதது என்றால், செய்தவரே எழுதி வைத்ததாகவோ அந்த இயந்திரத்துக்குள்ளேயே தடயம் உள்ளதாகவோ இருக்கட்டும்.

எட்டுபிட் எழுதியது:

உங்கள் மகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்வியை நான் முப்பது வயதுக்கு மேல்தான் கேட்கக் கற்றேன்.

பார்த்தது பத்திக்கு முதல் வரி இதோ: ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. வேற்றுக்கிரகவாசிகள் ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, மொத்தம் 55 பேர். முதலில் ஆமை போல நகர்வார்கள். சுடச்சுட வேகம் கூடும். கடைசி ஒருவன் மின்னலாகப் பாய்வான். ஆட்டம் சூடேற வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து வகுத்த திட்டம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது அந்தச் சின்னச் சிப்பின் இயலாமை. உள்ளே இருந்தது இன்டெல் 8080, வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் நகர்த்த அதனால் முடியாது. அதனால் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஒரே ஒருவனை மட்டும் நகர்த்துகிறது. திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. 55 பேர் இருந்தால் ஒவ்வொருவனுக்கும் முறை வர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். பத்துப் பேர் மிஞ்சினால் ஆளுக்கு நொடியில் ஆறு தடவை. ஒருவனே மிஞ்சினால் 60 தடவையும் அவனுக்குத்தான். ஆட்களைக் குறைத்து ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவது விளையாடுகிறவரே!

நிஷிகாடோ இதைக் கவனித்தார், பிடித்திருந்தது, அப்படியே விட்டுவிட்டார். பிற்காலத்தில் எத்தனையோ விளையாட்டுகளில் நேரம் போகப்போக வேகம் கூடுவதன் வேர் இங்கே இருக்கிறது. அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். பொறியாளர் என்றால் பிழையைக் கண்டதும் திருத்தத்தான் கை போகும். அவர் கையைக் கட்டிக்கொண்டு விளையாடிப் பார்த்தார்.

சோதனை எப்படி? இன்டர்நெட் ஆர்கைவில் பழைய ஆர்கேட் விளையாட்டுகளைப் பிரவுசருக்குள்ளேயே ஆடலாம். தொடங்கியதும் எதையும் சுடாமல், கைபேசியில் மெதுவியக்கக் காணொளி எடுங்கள். அவர்கள் சேர்ந்து நகர்வதில்லை என்பது தெரியும். கீழ் வரிசையிலிருந்து ஒருவர்பின் ஒருவராக, நெல்வயலில் காற்று போவது போல ஓர் அலை மேலேறும். அந்த அலைதான் தடயம்.

புள்ளிகளைத் தின்றபடி பேய்களிடமிருந்து தப்பி ஓடும் பேக்-மேன் பற்றியும் சொல்ல வேண்டும். 1980, நாம்கோ, டோரு இவாதானி. நான்கு பேய்களும் ஒரே மாதிரி துரத்துவதாகத் தோன்றும். இல்லை. ஜப்பானிய மூலத்தில் அவற்றின் பெயர்களே குணத்தைச் சொல்லிவிடுகின்றன: துரத்துகிறவன், பதுங்கித் தாக்குகிறவன், மனம்போன போக்கில் போகிறவன், தெரியாதது போல நடிக்கிறவன். சிவப்புப் பேய் பேக்-மேன் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, அவன் முகம் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு நிறப் பேய் எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் மனம் மாறித் தன் மூலைக்குத் திரும்பிவிடும். இதை உங்கள் மகள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். ஆரஞ்சுப் பேயை மட்டும் கண்ணால் தொடரச் சொல்லுங்கள்.

இளஞ்சிவப்புப் பேயிடம் ஒரு பிழையும் உண்டு. பேக்-மேன் மேலே பார்த்திருந்தால் அதன் குறி நான்கு கட்டம் மேலே மட்டும் போவதில்லை, நான்கு கட்டம் இடப்பக்கமும் தள்ளிப்போகிறது. நீங்கள் சொன்ன காந்தி கதையில் வருவது போன்ற எண் வழிதல்தான் காரணம். காந்தியிடம் நடக்காதது இங்கே நடந்திருக்கிறது.

இன்னொரு வழிதல் 256-ஆவது லெவலில். லெவல் எண்ணுக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே போனதும் பழங்களை வரைகிற பகுதி கணக்குத் தவறி வரைந்துகொண்டே போகிறது. திரையின் வலப் பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். இருக்கிற புள்ளிகள் அத்தனையையும் தின்றாலும் லெவலை முடிக்கத் தேவையான 244 கிடைக்காது. அதனால்தான் பேக்-மேனில் எடுக்க முடிந்த உச்ச ஸ்கோர் 33,33,360 என்று அறுதியாகச் சொல்ல முடிகிறது. 255 லெவல் ஆடிச் சோதிக்கச் சொல்ல மாட்டேன். இது கேட்டது பத்தியிலேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேகப்புதர் எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று புரிந்திருக்கும்.

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலைத் திறந்து, வானத்திலிருக்கும் மேகத்தையும் தரையிலிருக்கும் புதரையும் ஒரே படத்தில் வருமாறு பிடித்துக்கொள்ளுங்கள். காகிதம் வைத்து மேகத்தின் ஓரத்தை வரைந்து, அதைப் புதரின் மேல் பொருத்துங்கள். அச்சு அசலாகப் பொருந்தும். இரண்டும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். புதரின் அடிப்பாகம் தரைக்குள் மறைந்துவிடுவதால் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிகிறது.

ஏன் என்றால் இடமில்லை. விளையாட்டை அடக்கிக் கருவியில் செருகும் அந்தக் கார்ட்ரிட்ஜில் புரோகிராமுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட். முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைப்போல் பல மடங்கு. எனக்குப் பதின்மூன்று வயதில் இது தெரியவந்தது. அதற்கு முன் ஆயிரம் தடவையாவது அந்தப் புதரைத் தாண்டி ஓடியிருப்பேன். பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று அன்று முழுக்க மனம் அதிலேயே நின்றது. இதைப் பார்த்தது பத்தியில் முதலில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் மைனஸ் உலகத்துக்கும் போகலாம். 1-2-ஆம் லெவலின் முடிவில், வெளியேறும் குழாய்க்கு மேலுள்ள கற்களில் சிலவற்றை மட்டும் உடைத்து, குனிந்தபடி பின்பக்கமாகக் குதித்தால் மாரியோ சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுவார். அங்கிருக்கும் முதல் குழாயில், திரையில் வரவேற்பு எழுத்துகள் தோன்றும் முன் இறங்கிவிட வேண்டும். திரையில் உலகம் " -1" என்று வரும். பல வருடங்கள் குழந்தைகள் இதை யாரோ மறைத்து வைத்த ரகசிய உலகம் என்று நம்பினார்கள். உண்மையில் அது 36-ஆம் உலகம். 36 என்ற எண்ணுக்குரிய படக்கட்டம் வெறும் வெற்றிடம். அதனால் முன்னால் ஒன்றும் தெரியாமல் கோடும் ஒன்றும் மட்டும் தெரிகின்றன. மைனஸ் என்பதே நம் கண் செய்த கற்பனை.

உள்ளே ஒரு நீர் லெவல் இருக்கும். முடிவில் குழாய்க்குள் போனால் மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுவந்து விடும். ஜப்பானில் வட்டில் வந்த பதிப்பில் மட்டும் இது வேறு மாதிரி. அங்கே மூன்று லெவல்கள் இருக்கின்றன, அவற்றை முடிக்கவும் முடியும்.

சுவருக்குள் புகுவது முதல் முயற்சியில் வராது. எனக்கு ஒரு வாரம் ஆனது.

நீலநோட்டு எழுதியது:

மேகமும் புதரும் முடிந்தது! எண்ணெய்க் காகிதத்தில் வரைந்து பொருத்திப் பார்த்தாள். மூன்று மேடும் பொருந்தியதும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்துவிட்டார்கள். எட்டுபிட் நண்பரே, உங்கள் அலையையும் பிடித்துவிட்டோம். மெதுவியக்கத்தில் அது அத்தனை அழகாக இருக்கிறது. நான் அந்த விளையாட்டைப் பலமுறை ஆடியிருக்கிறேன், ஒருமுறைகூட அந்த அலையைக் கண்டதில்லை.

அவள் ஒரு திருத்தம் சொன்னாள். "வேகம் கூடுகிறது என்று எழுதாதே அம்மா. வரிசை குறைகிறது என்று எழுது." அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். நோட்டில் 12-ஆம் எண், கணினிப் பிழைக்கு "பக்" என்ற பெயர் ஒரு பூச்சியால் வந்தது என்பது. இது எந்தப் பத்தி?

விட்டில் எழுதியது:

பாதி இந்தப் பத்தி, பாதி அந்தப் பத்தி. இதைப் பற்றி எழுத நெடுநாளாகக் காத்திருக்கிறேன்.

பூச்சி உண்மை. 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேக்குள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு ஸ்விட்சுக்குள், விட்டில்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, "பக் உண்மையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம்" என்ற பொருளில் ஒரு வரி எழுதினார்கள். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அதன் படத்தை இணையத்தில் பார்க்கலாம்.

ஆனால் அந்த வரியை மகளிடம் மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். "உண்மையிலேயே" என்று ஏன் எழுதினார்கள்? அதற்கு முன்பே பொறியாளர்கள் இயந்திரக் கோளாறைப் பக் என்று சொல்லிவந்ததால்தான். தாமஸ் எடிசன் 1878-இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே அந்தச் சொல் இதே பொருளில் இருக்கிறது. பெயர் முன்பே இருந்தது, பூச்சி பிறகு வந்து பெயருக்குப் பொருத்தமாக மாட்டிக்கொண்டது. அதை எழுதியவர்களுக்கு இது தெரியும். நாம்தான் பாதியை விட்டுவிட்டுச் சொல்லிவருகிறோம். அந்தப் பூச்சியைக் கிரேஸ் ஹாப்பர் பிடித்தார் என்பதும் அப்படித்தான். அவர் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிப் பரப்பினார், பிடித்தவர் அவர் அல்லர்.

எதிர்த் திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எல்லோரும் கட்டுக்கதை என்று தள்ளியது உண்மையான சம்பவம். 1982-இல் அட்டாரி நிறுவனம், ஈ.டி. என்ற படத்தை ஒட்டிய விளையாட்டை ஐந்தே வாரத்தில் செய்யவைத்தது. அது விற்காமல் தேங்கியது. அடுத்த வருடம் விற்காத கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைக்கிடங்கில் புதைத்துவிட்டார்கள் என்று பேச்சு. முப்பது வருடம் பலர் அதை நம்பவில்லை. 2014 ஏப்ரல் 26 அன்று தோண்டினார்கள். நசுங்கிய பெட்டிகளோடு ஈ.டி. வெளியே வந்தது. ஆனால் அது மட்டுமல்ல, அட்டாரியின் வேறு பல விளையாட்டுகளும் கூடவே வந்தன. ஈ.டி.யை மட்டும் புதைத்தார்கள் என்ற பகுதி கதை, புதைத்தார்கள் என்பது உண்மை.

நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றுதான். ஒரு கதையை முழுதாக ஏற்பதோ தள்ளுவதோ இல்லை. வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சாட்சி கேட்பேன். உங்கள் 58-ஆம் எண்ணை முழுதாக அடித்தது தவறு என்பது என் கருத்து. 2010-ஆம் வருடப் பகுதிக்குத் தனி வரி கொடுங்கள்.

புறாத்தபால் எழுதியது:

பிழைகளையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்த குறும்புகளுக்கும் இடம் கொடுங்கள்.

இணையம் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிகளை எழுதி வைத்திருக்கும் ஆவணங்கள் ஆர்.எஃப்.சி. எனப்படுபவை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். 1990 ஏப்ரல் 1 அன்று வந்த 1149-ஆம் ஆவணம், இணையத் தகவலைப் புறாக்களின் காலில் கட்டி அனுப்புவது எப்படி என்பதற்கு முறையான விதிகளைத் தருகிறது. முட்டாள்கள் தினத்துக்கு எழுதியது. ஆனால் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் பயனர் குழு, 2001 ஏப்ரல் 28 அன்று அதை நடத்தியே காட்டியது. காகிதத்தில் அச்சிட்ட தகவல் பொட்டலங்களைப் புறாக்களில் கட்டி, மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைக் கொடுத்தார்கள். ஒன்பது போயின. நான்குக்குப் பதில் வந்தது. விரைவான பதிலுக்கு 3,211 நொடிகள், அதாவது ஏறக்குறைய 54 நிமிடம். தாமதமானதற்கு 6,388 நொடிகள். 55 சதவீதப் பொட்டலங்கள் தொலைந்தன என்று கணினி ஒழுங்காக அறிக்கை கொடுத்தது! வந்தது புறாவா கம்பியா என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இணையம் இத்தனை விதமான ஊடகங்களில் ஓடுவதற்குக் காரணமும் அதுதான். எவ்வளவு பெரிய பாடப்புத்தகம் படித்தும் எனக்கு விளங்காத ஒன்று இந்தப் புறாக்களால் விளங்கியது.

1998 ஏப்ரல் 1 அன்று வந்த 2324-ஆம் ஆவணமும் இதே வகை. இணையம் வழியாகக் காபிப் பாத்திரத்தை இயக்கும் விதிகள். தேநீர்ப் பாத்திரத்திடம் காபி போடச் சொன்னால் அது 418 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பி "நான் ஒரு தேநீர்ப் பாத்திரம்" என்று சொல்ல வேண்டும். பக்கம் கிடைக்கவில்லை என்றால் வருமே 404, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2017-இல் சில மென்பொருள்களிலிருந்து அதை நீக்கச் சொல்லி முறையீடு எழுந்தபோது, அதைக் காப்பாற்ற ஓர் இயக்கமே கிளம்பி, நீக்க விடாமல் தடுத்தது. கூகுளிடமும் இந்த எண்ணைக் காட்டும் தனிப் பக்கம் உண்டு. தேடிப் பார்த்து, படத்தைச் சொடுக்கிப் பாருங்கள்.

இன்னொன்று, இதற்கு உழைப்பே வேண்டாம். கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு குரோம் பிரவுசரில் ஏதாவது ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தால் ஒரு குட்டி டைனோசர் வரும். இடைவெளி விசையை அழுத்தினால் ஓடும். 2014-இல் சேர்த்தது. அதை ஏறக்குறைய 1.7 கோடி வருடம் வரை தாங்கும்படி செய்திருப்பதாக உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். டி-ரெக்ஸ் பூமியில் வாழ்ந்த காலம் அவ்வளவு என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

எட்டுபிட் எழுதியது:

புறாத்தபால் சொன்ன குறும்புக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவியில் வந்த அட்வென்ச்சர் விளையாட்டு. அந்த நாட்களில் விளையாட்டை எழுதியவர் பெயரை நிறுவனம் எங்கும் போடாது. அதை எழுதிய வாரன் ராபினெட், யாரிடமும் சொல்லாமல் ஓர் அறையை உள்ளே வைத்தார். கறுப்புக் கோட்டையின் புதிர்ப்பாதைக்குள் ஒரே ஒரு பிக்சல் அளவில் சாம்பல் நிறப் புள்ளி. பின்னணியும் அதே சாம்பல், அதனால் கண்ணுக்குத் தெரியாது. அதை எடுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு சுவர் வழிவிடும். உள்ளே செங்குத்தாக மின்னும் எழுத்துகளில் அவர் பெயர். அவர் நிறுவனத்தை விட்டுப் போன பிறகுதான், ஒரு சிறுவன் எழுதிய கடிதத்தால் நிறுவனத்துக்கே தெரிந்தது. விளையாட்டுகளில் ஒளித்து வைப்பதற்கு ஈஸ்டர் முட்டை என்ற பெயர் அப்போது அட்டாரிக்குள் பிறந்தது.

ஒரு மனிதர் தன் பெயரை ஒரு புள்ளிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, யாராவது ஒரு குழந்தை கண்டுபிடிக்கும் என்று காத்திருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஏழுகட்டை எழுதியது:

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸை விட்டுவிட்டீர்களே. 1989-இல் நின்டெண்டோவின் என்.இ.எஸ். கருவிக்கு வந்த பதிப்பில் 29-ஆவது லெவலில் கட்டைகள் விழும் வேகம் மனிதக் கைக்கு எட்டாது என்று இருபது வருடத்துக்கு மேல் நம்பினார்கள். அதுதான் முடிவு என்றே எண்ணினார்கள். பிறகு ஆட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடிக்கும் முறையையே மாற்றினார்கள். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துவதற்குப் பதிலாக, விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, கருவியின் முதுகில் மற்ற விரல்களால் மிருதங்கம் போலத் தட்டுவது. 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆவது லெவல் வரை போய், விளையாட்டையே உறைய வைத்தான். அந்த உயரத்தில் ஸ்கோர் கணக்கை உரிய நேரத்துக்குள் முடிக்க முடியாமல் இயந்திரம் திணறி நின்றுவிடுகிறது. அதற்கு முன்பே, 138-ஆவது லெவலிலிருந்து வண்ணங்களும் தாறுமாறாகிவிடும். வண்ணப்பட்டியல் முடிந்த பிறகும் நினைவகத்தில் அடுத்து இருப்பதை வண்ணம் என்று நினைத்துப் படிப்பதால். காணொளி இருக்கிறது. அன்று அவனுக்கு இருந்த வயது உங்கள் மகளின் வயதைவிட இரண்டே அதிகம். அவனது கைகளைப் பாருங்கள்.

நீலநோட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விட்டில் சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன். 58-ஐ 58அ, 58ஆ என்று பிரித்துவிட்டாள். ஒன்று அடிக்கப்பட்டது, மற்றொன்று மீண்டது. 12-க்கும் அதே கதி.

கடைசியாக ஒன்று. 97-ஆம் எண்: 2014-இல் ஒரு கொரியப் பாடலின் காணொளியை 214 கோடி தடவைக்கும் மேல் பார்த்ததால் யூடியூபின் எண்ணும் கருவி உடைந்துபோனது. இது எப்படி?

எட்டுபிட் எழுதியது:

உடையவில்லை. எண்ணிக்கை 2,14,74,83,647-ஐ நெருங்குகிறது என்று முன்கூட்டியே பார்த்துப் பெரிய எண்ணுக்கு மாற்றியிருந்தார்கள். உடைந்தது போலக் காட்டியது விளையாட்டுக்கு. ஆனால் அந்த எண் உண்மையானது. 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களில், ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்குக் கொடுத்துவிட்டால், மிஞ்சும் 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அது.

அதே எண்ணால் உண்மையிலேயே சிக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அதை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கருவிகளில் ஒருநாள் இடம் தீர்ந்துவிடும். காந்தி கதையில் சொன்ன அதே சுற்றல் அப்போது நடக்கும். தேதி 1901-க்குப் போய்விடும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. எந்த நாள், எந்த நொடி என்று நான் சொல்லப்போவதில்லை. காகிதமும் பென்சிலும் இருக்கிறது என்றீர்களே. ஒரு நாளுக்கு 86,400 நொடி. லீப் வருடங்களை மறந்துவிடாதீர்கள்.

நீலநோட்டு எழுதியது:

இப்போது இரவு பத்தரை. தூங்க மாட்டேன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு முடித்தாள். நான் ஒரு இடத்திலும் கை வைக்கவில்லை.

2,14,74,83,647-ஐ 86,400-ஆல் வகுத்தாள். முழு நாட்கள் 24,855. மீதி 11,647 நொடி. 68 வருடத்துக்கு 365 வீதம் 24,820 நாள். லீப் வருடங்களை 1972-இலிருந்து விரல்விட்டு எண்ணி, 2036 வரை பதினேழு என்றாள். சேர்த்தால் 24,837. இன்னும் பதினெட்டு நாள் மிஞ்சுகிறது. ஜனவரி ஒன்றிலிருந்து பதினெட்டு நாள் தள்ளினால் 2038 ஜனவரி 19. மீதி 11,647 நொடியில் மூன்று மணி நேரம் போனால் 847. அதில் பதினான்கு நிமிடம் போனால் ஏழு.

2038 ஜனவரி 19, உலகப் பொது நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. இணையத்தில் தேடிச் சரிபார்த்தோம். ஒரு நொடிகூட வித்தியாசமில்லை.

நோட்டில் இது 144. எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டேன். அதை இன்னும் யாரும் பார்க்கவில்லையே, ஆனால் நாம் கேட்கவும் இல்லையே என்றாள். ஸ்கேல் எடுத்து மூன்றாவது பத்தி ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறாள். தலைப்பு இன்னும் வைக்கவில்லை.